வைனிகோலோ நட்ட கடைசிக் கிழங்கு

தென்கடலில் இருக்கும் வவாவுத் தீவில் வள்ளிக்கிழங்கை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள். சோடி சோடியாகத்தான். தேங்காய்க்கும் மீனுக்கும்கூட அதே கணக்கு. பத்துச் சோடி சேர்ந்தால் அதற்கு ஒரே சொல்: தெக்காவு. கோயிலுக்குப் படைக்கும்போது ஒற்றையாக மிஞ்சினால் கணக்கில் ஏறாது, வீட்டுக்குத் திரும்பிவிடும்.

லுசியானே வீட்டில் எண்ணுகிற வேலை அவள் புருஷன் வைனிகோலோவுடையது. குழி வெட்டி விதைக்கிழங்கு ஊன்றியவனும் அவன்தான். கொடி படர்ந்து வருமுன்னே காய்ச்சல் கண்டு கர்த்தரிடம் போய்விட்டான். அவள் ஒருத்தியாகத் தோண்டினாள். கடைசிக் குழியில் கைக்குழந்தை நீளத்துக்கு ஒரு கிழங்கு வந்தது. மண்ணைத் துடைத்து மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள். முதற்பலன் படைக்கும்போது அதை ஆண்டவர் முன்னால் வைத்து அவன் பேரைச் சொல்லக் கேட்க வேண்டும். அவளுக்கு வேறு ஆசை இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வேலை கூடாது என்பதால் சனிக்கிழமையே கோயில் முற்றத்தில் பாய் விரித்தாயிற்று. சிறிசில் தொடங்கிப் பெரிசில் முடித்து, கடைசிச் சோடியோடு வீட்டின் பேரைச் சொல்வது அங்கே வழக்கம். லுசியானே இரண்டு கையிலும் ஒவ்வொன்றாக எடுத்து வைக்க, மூப்பர் பௌலியாசி சத்தமாகச் சொல்லி வந்தார். தெக்காவும் தாண்டியது. கடைசியில் அந்தப் பெரிய கிழங்கு ஒற்றையாகக் கிடந்தது.

"வீட்டுல சரியாத்தானே மூப்பரே வச்சேன்?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். காலையில் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து அவித்திருந்தாள், பழக்கத்தில் இரண்டு பேருக்கு. பாதி இன்னும் சட்டியிலேயே இருந்தது.

"சின்னதுல ஒண்ண எடுத்துட்டு இத வச்சுக்கலாமா?"

"சொல்லி வச்சத எடுக்கக்கூடாதும்மா. அது ஆண்டவருக்குப் போயாச்சு" என்றார் மூப்பர். அவருக்கும் மனசில்லை.

லுசியானே கிழங்கைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினாள்.

"ஏ, நில்லுடி!"

பக்கத்துத் தோட்டத்துக் கலோலைனி. வைனிகோலோவோடு பேச்சு வார்த்தையை விட்டவள். அவன் பன்றி அவள் கிழங்குக் குழிகளைக் கிளறித் தின்றதிலிருந்து அப்படி. கூடையோடு வந்து நின்றாள்.

"எனக்கும் ஒண்ணு மிஞ்சிப்போச்சு. மிஞ்சாம என்ன செய்யும்? இதோட சோடிய உம் புருஷன் பன்னி தின்னுடுச்சே!"

"அக்கா..."

"அழுவாதடி. கீழ வையி, கை வலிக்கப்போவுது."

லுசியானே வைத்தாள். கலோலைனி குனிந்து தன் கிழங்கை அதன் பக்கத்தில் கிடத்தினாள். அது அவ்வளவு நீளமில்லை, ஆனாலும் நல்ல தடிமன்.

மூப்பர் தலையைச் சொறிந்தார். "இந்தச் சோடிய யார் பேருல சொல்ல?"

"இது என்ன கேள்வி மூப்பரே? அந்த மனுஷன் பேருலதான். ஆண்டவர் சந்நிதியில நான் பன்னி வழக்கா பேசுவேன்?"

மூப்பர் தொண்டையைச் செருமி, முற்றம் முழுக்கக் கேட்கும்படி அந்தச் சோடியைச் சொன்னார். பிறகு, "வைனிகோலோ வீடு" என்றார். லுசியானே தலை குனிந்து, "ஆமென்" என்றாள்.

கலோலைனி காலிக் கூடையை எடுத்துக்கொண்டாள். "பன்னிய மட்டும் கட்டிப் போடு, என்ன?"