காற்றுப் போன பந்து

பொழிச்சலூரில் வைத்தீஸ்வரன் சாரைத் தெரியாத பிளஸ் டூ பிள்ளை கிடையாது. விலங்கியல் டியூஷன் என்றால் அவர் வீட்டு ஹால்தான். தலைக்கு மேல் விமானம் போனாலும் அவர் குரல்தான் கேட்கும். கரு வளர்ச்சிப் பாடத்துக்கு மூன்று கலர் சாக்பீஸால் அவர் படம் போட்டால் புத்தகத்தில் இருக்கும் படம் தோற்றுப்போகும். அது அவருக்கும் தெரியும், கொஞ்சம் அதிகமாகவே தெரியும்.

வினை காய்ச்சலில் வந்தது. அவர் படுத்த வாரம் மனைவி சுப்ரஜா பாடம் எடுத்தாள். என்றோ பி.எஸ்ஸி. விலங்கியல் படித்தவள். அவர் எழுந்து உட்கார்ந்த பிறகும் பிள்ளைகள் அவளை விடவில்லை. "சார், டவுட் மட்டும் மேடம்கிட்ட கேட்டுக்கறோம்" என்று ஒவ்வொருவராகப் பால்கனிக்கு நழுவினார்கள். அங்கே ஒரே சிரிப்பு. இங்கே இவருக்கு வயிறு எரிந்தது. கட்டின மனைவி மேல் பொறாமை என்று யாரிடம் போய்ச் சொல்வது? காபியில் சர்க்கரை குறைச்சல் என்று சண்டை போட்டார்.

அன்று பால்கனியில் சுப்ரஜா காற்றுப் போன பந்து ஒன்றைக் கட்டைவிரலால் அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"கரு முதல்ல ஒரு செல் உருண்டை. உள்ள காலி. ஒரு பக்கம் இப்படிக் குழிஞ்சு உள்ள போகுது. இப்பப் பாருங்க, வெளியில ஒரு லேயர், உள்ள ஒரு லேயர். வெளியில இருக்கறது தோலாகும், நரம்பாகும். உள்ள இருக்கறது குடலாகும்."

பிள்ளைகள் ஆளுக்கொரு தடவை அமுக்கிப் பார்த்தார்கள். கதவோரம் நின்ற வைத்தீஸ்வரனுக்குப் பொறுக்கவில்லை.

"சரிங்க மேடம், நடு லேயர் எங்க? இதயம், எலும்பு, ரத்தம் எல்லாம் உங்க பந்துல எங்கேர்ந்து வரும்?"

சுப்ரஜா பந்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அது எனக்கு மறந்தேபோச்சு. சார்தான் சொல்லணும். எல்லாரும் ஹாலுக்கு வாங்க" என்றாள். அவள் முகம் வாடக்கூட இல்லை.

அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. குழிந்த இடத்தின் விளிம்பு வழியாகச் சில செல்கள் உள்ளே நுழைந்து, இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே பரவுவதைச் சிவப்பில் தீட்டினார். அந்தப் பாடத்தை அவரே இவ்வளவு அழகாக நடத்தியதில்லை. சாக்பீஸ் தூளைத் தட்டிக்கொண்டே பெருமையாகத் திரும்பினார்.

ஒருவரும் எழுதவில்லை. பிள்ளைகள் எல்லாரும் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த சுப்ரஜாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சரிதான் என்று அவள் தலையாட்டினாள். அதற்கப்புறம்தான் எழுத ஆரம்பித்தார்கள்.