காலிக் கூடையோட ஒரு வாக்கிங்

இன்னைக்குக் காலைல எங்க திண்டுக்கல்ல, அவங்கவங்க தெருவுல இருக்குற பெண்களை வாக்கிங் கூட்டிட்டுப் போகப்போற ஆறு பெண் தன்னார்வலர்களுக்குப் பயிற்சி. சொல்லிக்கொடுத்தது நான்.

முதல் பாடமே கையை வீசி நடக்கணும், கையில எதுவும் கூடாது.

அந்த ஆறு பேர்ல ஒருத்தரான அருள்மேரி அக்கா (பேரை மாத்திட்டேன், ஏன்னு கடைசியில புரியும்) ஒரு வயர் கூடையோட வந்து நின்னாங்க. உள்ளே ஒண்ணுமில்லை.

"மார்க்கெட்டுக்கா போறோம்? வெச்சிட்டு வாங்கக்கா"ன்னு அதட்டிட்டேன். கூடையை ஓரமா வெச்சிட்டு வந்தாங்க.

பேகம்பூர் பக்கம் போறப்போ, அக்காவைத் தெரிஞ்ச ஒருத்தர் பைக்கை நிறுத்தினார்.

"எங்கக்கா போறீக?"

"சும்மா நடக்குறேன்ப்பா."

"சும்மாவா? டாக்டர் நடக்கச் சொல்லிட்டாரா? சுகரா?"

அக்கா முகம் செத்துப்போச்சு. "அதெல்லாம் இல்ல"ன்னு சொல்லி அனுப்பிட்டு என்கிட்ட வந்தாங்க.

"சுகர்தாம்மா. எட்டு மாசமா தெனம் நடக்குறேன். கூடை இருந்தா காய் வாங்கப் போறேன்னு நெனச்சுக்குவாக. மகளுக்கு மாப்பிள்ளை பாக்குறோம். ஆத்தாவுக்குச் சுகர்னா பொண்ணுக்கும் வரும்னு தட்டிக் கழிச்சிருவாக."

அப்பத்தான் கவனிச்சேன், அம்புட்டுப் பேர்ல மூச்சு வாங்காம நின்னது அவங்க மட்டும்தான். எனக்கே வாங்குச்சு.

திரும்பி வந்ததும் கூடையை நானே எடுத்துக் கொடுத்தேன்.

நாளைக்கு எல்லாரையும் கூடையோட வரச் சொல்லியிருக்கேன். ஏழு பொம்பளைக, ஏழு காலிக் கூடை. காய் வாங்கத்தான் போறோம்னு ஊரு நம்புமா? நீங்களே சொல்லுங்க.