ஏழுமலையின் வலது தோள்

இன்று காலை பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரின் செல்போனை எட்டிப் பார்த்தேன். கெட்ட பழக்கம்தான். யாரோ ஓர் இளம் வேகப்பந்து வீச்சாளருக்குத் தோளில் காயமாம், இந்த சீசன் முழுக்க ஆட முடியாதாம். கீழே ரசிகர்களின் புலம்பல். ‘நம்ம டீம் அவ்ளோதான்’ என்று ஒருவர். ‘நடிக்கிறான்’ என்று இன்னொருவர். எனக்கு எங்கிருந்தோ தைல வாசனை அடித்தது.

எனக்கு முதல் வேலை மலைமேல் ஜமுனாமரத்தூரில், எழுத்தர். ஞாயிற்றுக்கிழமையை என்ன செய்வதென்று தெரியாமல் கிரிக்கெட் மைதானத்துக்குப் போனேன். என் கைக்கு வந்த பந்து எதுவும் கையில் நின்றதில்லை என்பதால் சீக்கிரமே ரசிகனாக்கப்பட்டேன். கூடவே, ஏழுமலைக்குத் தோளில் தைலம் தேய்க்கும் பொறுப்பும் வந்தது.

ஏழுமலைக்கு அப்போது இருபது வயது. சாமை விதைப்பதும் மரமேறிப் புளி உலுக்குவதும்தான் குடும்பத்துக்குச் சோறு. செருப்பில்லாமல் ஓடி வந்து அவன் பந்தை விட்டால் விக்கெட் கீப்பர் தானாகவே இரண்டடி பின்னால் போவார்.

ஆலங்காயத்தில் ஒரு போட்டி. கடைசி ஓவருக்கு முன் என்னிடம் வந்தான்.

“அண்ணா, கைய தூக்க முடியல. உள்ள இன்னாவோ இழுக்குது.”

பக்கத்தில் தாமஸ் இருந்தார். பஸ் கண்டக்டர். எங்கள் டீமுக்காகக் கத்திக் கத்தியே தொண்டை போனவர். “ஒரு ஓவர்தானேப்பா, போட்டுட்டு வந்துடு” என்றார். நானும் வைத்தியம் படித்தவன் மாதிரி தைலத்தைத் தேய்த்து, “ஒண்ணும் ஆவாது, போ” என்றேன்.

ஐந்தாவது பந்தில் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். தோற்றோம். அந்த வாரச் சந்தை முழுக்க அதே பேச்சு. வேண்டுமென்றே உட்கார்ந்தான் என்றுகூடச் சொன்னார்கள். அவனைப் போய்ப் பார்த்தவர் யாருமில்லை.

நானும் தாமஸும் போவதற்கே இரண்டு வாரம் ஆனது. துண்டில் கையைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தான். அவனுடைய அக்கா லட்சுமிதான் பேசினாள்.

“உங்களுக்கு அது பந்து போடுற கை. எங்க வூட்டுக்குப் புளி உலுக்குற கைங்க. இப்ப மரம் ஏற யாரு கீறாங்க?”

அடுத்த ஞாயிறு யாரும் சொல்லாமலே நானும் தாமஸும் போய் மரம் ஏறினோம். எறும்புகள் என்னை உண்டு இல்லை என்று ஆக்கின. கீழே நின்று ஏழுமலை, “அந்தக் கெளை வேணாம்ணா, முறியும்” என்று சிரித்தான். அந்தப் பருவம் முழுக்கப் போனோம். எங்களை மன்னித்தானா என்று கேட்க எனக்குத் துணிவு வரவில்லை.

அதன்பிறகு அவன் வேகமாகப் பந்து போடவே இல்லை. தாமஸ் காலமாகிவிட்டார்.

பல வருடம் கழித்து, போன வருடம் மலைக்குப் போனபோது ஒரு போட்டியில் ஏழுமலை நடுவராக நின்றிருந்தான். சிக்ஸருக்கு இடது கை உச்சிக்குப் போனது. வலது கை காதருகே நின்றுவிட்டது. ஆடுகிற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் அன்று போட்ட பந்தைப் பற்றிப் பேச யாராவது இருக்கிறார்களா என்று சுற்றிப் பார்த்தேன். அதைப் பார்த்தவன் என்று அந்தக் கூட்டத்தில் நான் மட்டும்தான் இருந்தேன்.