தெருவுக்கெல்லாம் ஒரே முகவரி

உடுமலைப்பேட்டையில், சந்தைக்குப் போகும் தெருவில் மெர்சியக்கா டெலிபோன் பூத் வைத்திருந்தார். கணவர் இறந்த பிறகு அவருக்கும் மகள் இனியாவுக்கும் அதுதான் பிழைப்பு. தொண்ணூற்றொன்பதில் அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்தது. எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கிய நான், வேலைக்கு எழுதிப் போட்டுவிட்டுப் பதில் பார்க்க அங்கேதான் போவேன்.

தெருவுக்கே ஒரு மின்னஞ்சல் முகவரி. பாஸ்வேர்டு, அக்காவின் மகள் பெயர். யார் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

"கேக்கறவங்ககிட்ட மாட்டேன்னு எப்படீங்க சொல்றது? சங்கடப்படுவாங்கல்ல?"

வருகிறவர்கள் தமக்கு வந்ததோடு நிறுத்துவதில்லை. ஷார்ஜாவிலிருந்து அஃப்தாப் தன் மனைவி ஜன்னத்துக்கு எழுதுவதையும் படிப்பார்கள். பதிலை ஜன்னத் சொல்லச் சொல்ல, மெர்சியக்கா தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து அனுப்புவார்.

"ஏனுங்க ஜன்னத்து, உங்கூட்டுக்காரரு கொழம்புல உப்புப் போட மறந்துபோட்டாராமா?" என்பார் தேங்காய் வியாபாரி கதிரேசன். எல்லோரும் சிரிப்போம். ஜன்னத்தும் தலை குனிந்தபடி சிரித்துவைப்பாள்.

ஒரு மாதம் அஃப்தாபிடமிருந்து எதுவும் வரவில்லை. ஜன்னத் தினமும் வந்து கேட்டுவிட்டுப் போனாள். ஒருநாள் மெர்சியக்கா, இங்கிருந்து போன கடிதங்களைத் திறந்து பார்த்தார். அவற்றில் ஒன்று அவர் அடிக்காதது: 'உங்களோடு வாழ இஷ்டமில்லை. இனி எழுத வேண்டாம். ஜன்னத்.'

"நான் இதச் சொல்லவே இல்லீங்க்கா," என்றாள் ஜன்னத்.

"எனக்குத் தெரியாதா கண்ணு?"

"இது பொய்யின்னு இப்பவே ஒரு மெயில் போட்டுரலாங்க்கா," என்றேன் நான்.

"அதுவும் இதே அட்ரஸ்ல இருந்துதான போகும்? எது நெசம்னு அவரு எதை வெச்சு நம்புவாரு?"

படித்திருந்தும் எனக்கு அது தோன்றவில்லை.

அவசரத்துக்கென்று அஃப்தாப் தன் கடை எண்ணைக் கொடுத்திருந்தான். மெர்சியக்கா கதிரேசனையும் என்னையும் மற்றவர்களையும் வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அதை அழைத்தார். கண்ணாடிக் கதவு வழியே ஜன்னத் அழுவது தெரிந்தது; பிறகு தலையாட்டினாள். குரலைக் கேட்டதும் அவன் நம்பிவிட்டான். அப்புறம் ரிசீவர் மெர்சியக்காவிடம் போனது.

"பாஸ்வேர்டு எல்லாத்துக்கும் தெரியுமுங்க," என்று அவர் சொல்வது வெளியே கேட்டது. சற்றுக் கழித்து, "ஆமாங்க, எல்லாத்தையும் படிச்சிருப்பாங்க," என்றார்.

வெளியே வந்த ஜன்னத் எங்கள் யாரையும் பார்க்கவில்லை.

"நானில்லீங்க. படிச்சதோட செரி," என்றார் கதிரேசன். எழுதியது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. ஆனால் ஜன்னத்தின் கடிதங்களை ஊருக்கே திறந்து வைத்திருந்தது, அதை எழுதிய அந்த ஒருவர் மட்டும்தானா? படித்ததோடு நின்றவர்கள் குற்றமற்றவர்களா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

மெர்சியக்கா ஆளுக்கொரு முகவரி தொடங்கிக் கொடுத்தார். அவரவர் பாஸ்வேர்டு அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டார். "என்ர பாஸ்வேர்ட நீங்களே ஞாபகம் வெச்சுக்கோங்க அம்மணி," என்று கதிரேசன் கெஞ்சியபோது, "முடியாதுங்க," என்றார். சொல்லிவிட்டு அவர்தான் சங்கடத்தில் நெளிந்தார்.

ஜன்னத்துக்கும் தனி முகவரி ஆயிற்று. எழுத்துக்கூட்டி அவளே படிக்கக் கற்றுக்கொண்டாள். அஃப்தாபும் எழுதத் தொடங்கினான்.

"நல்லா எழுதறாரா கண்ணு?" என்று ஒருநாள் மெர்சியக்கா கேட்டார்.

"நலம், நீ நலமான்னு எழுதறாருங்க்கா. கொழம்பு, உப்புன்னெல்லாம் இல்லீங்க. அவ்வளவுதான்."