எதை வச்சுச் சொல்லுத?

துபாயின் அல் குசைஸில் நான் கண் பரிசோதிக்கும் கடைக்கு அன்று ஒரு டாக்ஸி ஓட்டுநர் லைசென்ஸ் புதுப்பிக்க வந்திருந்தார். எழுத்துப் பலகையின் ஐந்தாம் வரியை வாசிக்கச் சொன்னேன். மளமளவென்று வாசித்துவிட்டார். சிக்கல் என்னவென்றால், அது போன வாரம் வரை அங்கே தொங்கிய பழைய பலகையின் ஐந்தாம் வரி. யாரிடமோ கேட்டு மனப்பாடம் செய்து வந்திருக்கிறார். "பாய், போர்டு மாத்தியாச்சு" என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் போன் அதிர்ந்தது. பறவை பார்க்கும் நம் வாட்ஸாப் குழுவில் சுந்தர் சார் போட்ட செய்தி. கோமதி மேடம் காலமானார், மாரடைப்பு. அடுத்த ஐந்து நிமிடத்தில் திரை முழுக்கக் கும்பிட்ட கைகள். நான் எதையும் போடவில்லை.

இரங்கல் கூட்ட மலருக்கு "நல்லதா நாலு வரி" எழுதித் தரச் சொன்னீர்கள். கோமதியக்காவைத் தெரிந்த உங்களுக்கே அது வேடிக்கையாக இருந்திருக்கும். நல்லதாக நாலு வரி எழுதினால் அவரே எழுந்து வந்து மூன்றை வெட்டிவிடுவார். கான்கிரீட் சோதனைக்கூடத்தில் அவருக்கு வேலை. சைட்டிலிருந்து வரும் கான்கிரீட் கட்டிகளை இயந்திரத்தில் நசுக்கி, எந்த அளவில் உடைகிறது என்று முள்ளைப் பார்த்துச் சொல்ல வேண்டும். தேறும், தேறாது. அவ்வளவுதான். "எரக்கப்பட்டா கட்டடம் விழுந்துரும்ளா" என்பார். கட்டடத்துக்கு அது சரி. மனிதர்களிடமும் அவர் அதே இயந்திரத்தைத்தான் வைத்திருந்தார்.

குழுவின் பட்டியலில் ஒரு பறவை ஏற வேண்டுமானால், புத்தகத்தைத் திறக்காமல் மூன்று அடையாளம் சொல்ல வேண்டும். இது அவர் போட்ட சட்டம். கழிவுநீர்க் குளத்துக் கரையில் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்று, "அதோ உள்ளான்" என்று யாராவது ஆசையாகக் கத்தினால், திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்பார்: "எதை வச்சுச் சொல்லுத?" திருநெல்வேலிக் குரலில் அந்தக் கேள்வி வந்தால், நேற்றுவரை தெரிந்த பறவையும் மறந்துபோகும். இரண்டு அடையாளத்தோடு நின்றுவிட்டால் பேனா குறுக்கே போய்விடும். அதன் பெயர் வெட்டு. நாம் எல்லோரும் அதை ரசித்தோம், வெட்டு வாங்கியது அடுத்தவராக இருந்தவரை.

செல்வத்தை உங்களில் பலர் மறந்திருப்பீர்கள். இராமநாதபுரத்துக்காரர், டவர் கிரேன் ஓட்டியவர். தொழிலாளர் கேம்ப்பிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து, நம்மோடு நாலைந்து ஞாயிறு நின்றார். ஒருநாள், தன் கிரேன் அறைக்கு எதிரே கட்டடத்தின் உச்சியில் ஒரு கரிய வல்லூறு வந்து உட்கார்ந்ததாகச் சொன்னார். கண்ணைச் சுற்றி மஞ்சள் வளையம், கால் மஞ்சள். "ரெண்டாச்சு. மூணாவது?" என்றார் அக்கா. செல்வம் யோசித்துவிட்டு, "அது என்னையப் பாத்துச்சுங்க மேடம்" என்றார். எல்லோரும் சிரித்தோம். நான்தான் அதிகம் சிரித்தேன். அடுத்த வாரத்திலிருந்து அவர் வரவில்லை. அதே மாதம் அதே கட்டடத்தில் அதே வல்லூறை சுந்தர் சார் தன் நீளமான கேமராவில் பிடித்துவந்தார். அவர் அக்காவின் கம்பெனியில் மேனேஜர். பட்டியலில் அவர் பெயரில் ஏறியது. "செல்வம் பேரையும் போடலாமேக்கா" என்றேன். "அவரு ரெண்டுதான சொன்னாரு" என்றார். படம் இருந்ததால் சுந்தர் சாரிடம் ஒன்றுகூடக் கேட்கவில்லை. மேனேஜர் என்பதால் கேட்கவில்லையோ என்று எனக்கு அன்றே சந்தேகம்.

போன ஏப்ரலில், ஊருக்குப் போக வைத்திருந்த லீவை எல்லாம் சேர்த்து எட்டுப் பேர் ஸ்பெயினுக்குப் போனோம். மலை, சதுப்பு நிலம், சமவெளி என்று பத்து நாள், பாப்லோ என்ற வழிகாட்டியோடு ஒரு வேனில். அக்கா பருப்புப் பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டிக்கொண்டு வந்தார். ஸ்பெயின்காரர்களின் உருளைக்கிழங்கு ஆம்லெட்டை முட்டை வாடை என்று ஒதுக்கிவிட்டு, ரொட்டியில் பொடியைத் தடவித் தின்றார். அவருக்கு வேண்டியது ஒரே ஒரு பறவை. கானமயில். நம் தமிழ்நாட்டில் அது இல்லாமலே போய்விட்டது; அதன் பெரிய சொந்தக்காரன் அங்கே சமவெளியில் மேய்கிறது, அதையும் நாம் கானமயில் என்றே சொன்னோம். "அது ஒண்ணைப் பாத்துட்டா எனக்குப் போதும். மத்ததெல்லாம் நீங்க வச்சுக்கிடுங்க" என்றார். அவர் ஆசைப்பட்டுக் கேட்டு நான் பார்த்தது அது ஒன்றுதான்.

மலையில் என் முறை வந்தது. மற்றவர்கள் வேனருகே காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, எலும்பைப் பாறையில் போட்டு உடைத்துத் தின்னும் தாடிப் பாறு என் தலைக்கு மேலே போயிற்று. ஒடுங்கிய நீண்ட இறக்கை, சாய்சதுரமாக முடியும் வால். மூன்றாவதாக வயிற்றின் நிறத்தைக் கேட்டார் அக்கா. வெயில் எதிரே, தெரியவில்லை. பாப்லோ, தானும் அந்த வாலைப் பார்த்ததாகச் சொன்னார். "அது அவரு பாத்தது" என்று வெட்டினார் அக்கா. அன்றிரவு விடுதியில், நாற்பத்தேழு வயதில் பாத்ரூமுக்குள் போய் அழுதேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

சதுப்பு நிலத்தில்தான் கவனித்தேன். பூநாரைக் கூட்டத்தை எல்லோரும் நேராகப் பார்க்க, அக்கா தலையை ஒருபக்கம் சாய்த்து, கண்ணின் ஓரத்தால் பார்த்தார். மெனு அட்டையையும் அப்படித்தான் பிடித்தார். என் நாற்காலியில் உட்காரும் எத்தனையோ பேர் அப்படிச் சாய்வார்கள். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டுப்போனவர்கள் அவர்கள். சுற்றியிருப்பதெல்லாம் தெரியும். எதைக் குறிவைத்துப் பார்க்கிறார்களோ அது மட்டும் தெரியாது. இரண்டு வருடமாக அவர் ஏன் என் கடைப் பக்கமே வரவில்லை என்பதும் அப்போது விளங்கியது. முள்ளைப் பார்த்து எண் சொல்லும் வேலை. கண் போனால் வேலை போகும், வேலை போனால் விசா போகும், தனியாக வளர்க்கும் மகளின் படிப்பும் நடுவில் நிற்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் சமவெளிக்குப் போனேன்.

அங்கே, பச்சைப் பயிருக்கு நடுவே ஆண் கானமயில் ஒன்று நின்றது. சட்டையை உள்வெளியாகத் திருப்பியதுபோல் இறகுகளைப் புரட்டி வெள்ளைப் பந்தாக மாறியது. முக்காலியில் நிறுத்திய தொலைநோக்கியில் ஒவ்வொருவராகப் பார்த்தோம். கடைசியாக அக்கா குனிந்தார். நாங்கள் பைனாகுலரில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஓடி எழும்பி, மேட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. அக்கா குழாயிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாத்துட்டேன். நிக்குது பாருங்க" என்றார். கேட்காமலே மூன்று அடையாளமும் சொன்னார். செம்பழுப்புக் கழுத்து, மீசை, வெள்ளை வால். புத்தகத்தில் இருப்பது அப்படியே.

யாரும் பேசாமல் இருந்திருக்கலாம். நீங்கள் ஆறு பேரும் அப்படித்தான் இருந்தீர்கள். நான் கேட்டேன்.

"எதை வச்சு சொல்றீங்கக்கா? அது பறந்து போய் எவ்வளவு நேரமாச்சு."

அவர் நிமிர்ந்தார். என் குரல் வந்த பக்கம் திரும்பினார், ஆனால் என் முகத்துக்குச் சற்று விலகி. "கண்ல ஏதாவது பிரச்சனையா மேடம்?" என்று அக்கறையாகக் கேட்டார் சுந்தர் சார். தமிழ் தெரியாத பாப்லோ, கானமயில் பார்த்த சந்தோஷத்துக்கு என்று எல்லோருக்கும் சின்னக் கோப்பையில் திராட்சைச் சாறு ஊற்றிக்கொண்டிருந்தார். அக்கா தன் கோப்பையை அப்படியே திருப்பிக் கொடுத்தார். பழிவாங்கினேன். இதற்கு வேறு நாகரிகமான சொல் நான் தேடவில்லை.

திரும்பும்போது விமான நிலையத்தில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"ஒனக்குத் தெரியும், என்ன?"

"தெரியும்க்கா."

"எப்பமிருந்து?"

"பூநாரை பாத்த அன்னைக்கு."

"அப்பம் தெரிஞ்சேதான் கேட்டிருக்க" என்றார். பிறகு, "நானா இருந்தாலும் கேட்டிருப்பேன்" என்றார். அது மன்னிப்பா, இன்னொரு வெட்டா என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. மன்னிப்பு என்றே எடுத்துக்கொள்ள ஆசை. ஆனால் எதை வைத்துச் சொல்வது?

திரும்பிய மாதமே கம்பெனி அவரைக் கண் பரிசோதனைக்கு அனுப்பியது. பாதுகாப்பு விஷயம், சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றார் சுந்தர் சார். அவர் சொன்னதிலும் தப்பில்லை. கட்டடம் விழுந்துவிடும் அல்லவா? விசா ரத்தாகி, ஊருக்குப் போகப் பெட்டி கட்டிக்கொண்டிருந்தபோதுதான் அக்கா சாய்ந்தார். மலரின் முதல் பக்கத்தில் "விருப்ப ஓய்வு பெற்று" என்று அச்சடித்திருக்கிறீர்கள். அதை வெட்டுங்கள். "ஸ்பெயினில் கானமயில் கண்டு கனவு நிறைவேறியவர்" என்றும் போட்டிருக்கிறீர்கள். அதை என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

ஏனென்றால், போன வாரம் அவர் மகள் மதுரா, குழுவின் பட்டியல் இருக்கும் அம்மாவின் பறவை நோட்டோடு கடைக்கு வந்தாள். செல்வத்தின் வல்லூறைத்தான் முதலில் தேடினேன். சுந்தர் சார் பெயரிலேயே இருந்தது, திருத்தவில்லை. என் தாடிப் பாறின் மேல் கோடு கோடாகவே இருந்தது. கடைசிப் பக்கத்தில் தடித்த மார்க்கர் பேனாவில், பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய குழந்தையின் எழுத்து அளவில், கானமயில் என்று எழுதியிருந்தார். அதன் கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள். எண்களுக்கு எதிரே ஒன்றுமில்லை.

"அம்மா இதை ஆக்சுவலா பார்த்தாங்களா ஆன்ட்டி?"

"பாத்தாங்கடா" என்றேன்.

மதுரா இங்கேயே பிறந்து வளர்ந்தவள். இரண்டு வார்த்தை தமிழ் பேசினால் மூன்றாவது ஆங்கிலமாகிவிடும். ஒரே ஒரு வாக்கியத்தை மட்டும், வீட்டில் நாள்தோறும் கேட்டுக் கேட்டு, பிழையில்லாமல் திருநெல்வேலி வாடையோடு பேசுவாள். என் கண்ணை நேராகப் பார்த்து அதைக் கேட்டாள்.

"எதை வச்சுச் சொல்லுதீய?"

ஓர் அடையாளம்கூட என்னிடம் இல்லை. அவள் நோட்டை என் மேசையிலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்றைக்கு வந்த டாக்ஸி ஓட்டுநரைத் தேறவில்லை என்றுதான் எழுதி அனுப்பினேன். வீட்டில் எத்தனை பேர் என்று அவர் விரல் விட்டுக் காட்டினார். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த வெட்டும் கை. அதோடு இந்த நோட்டும், எழுத்துப் பலகைக்குக் கீழே இழுப்பறையில். ஒன்று, இரண்டு, மூன்று. ஆள் இல்லாத நேரத்தில் எடுத்துப் பார்க்கிறேன். பேனாவும் பக்கத்தில்தான் இருக்கிறது. இதுவரை வெட்டவில்லை.