பிளாக் எண்ணச் சொன்னேன்

எங்கள் ஒன்றாம் வகுப்புப் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், "இந்த வாரம் பிள்ளைகளை பிளாக் எண்ணிப் பழக வையுங்கள்" என்று எழுதியிருந்தேன். நான் சொன்னது அடுக்கி விளையாடும் கட்டைகளை.

இன்று காய்கறிக் கடையில் என் வகுப்பு யாழினியின் அப்பாவைப் பார்த்தேன். அவருக்கு இங்குள்ள நிலக்கரி மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. மகளும் கூட நின்றிருந்தாள்.

"டீச்சர், நீங்க சொன்னாப்ல பிளாக்கெல்லாம் எண்ணியாச்சுங்க" என்றார்.

"வீட்ல எத்தனை பிளாக் இருக்குங்க?"

"வூட்ல ஏதுங்க பிளாக்கு? ஷிப்ட் முடிஞ்சி வந்து, இவள வண்டியில உக்கார வச்சி, டவுன்ஷிப்பு பூரா சுத்திக்கினு வந்தோம். ஒவ்வொரு பிளாக்லயும் போர்ட படிக்கச் சொன்னேன்."

இங்கே குடியிருப்புப் பகுதிகளுக்கும் பிளாக் ஒன்று, பிளாக் இரண்டு என்றுதான் பெயர். இத்தனை வருடம் குவார்ட்டர்ஸில் இருந்தும், எழுதும்போது எனக்கு அது தோன்றவே இல்லை.

யாழினிக்குப் பன்னிரண்டும் இருபத்தொன்றும் எப்போதும் மாறிப்போகும். கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். இன்று தக்காளிக் கூடைக்கு முன்னால் நின்று, நான் கேட்காமலேயே சொன்னாள். "பன்னெண்டுல அத்த வூடு மிஸ். இருவத்தொண்ணுலதான் நாய் தொரத்துச்சு."

இனி அவளுக்கு இரண்டும் மாறாது. நான் கட்டை விஷயத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. "நல்லா செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அடுத்த வாரம் கழித்தல். மைனஸ் சொல்லிக் கொடுங்கள் என்று எழுதினால், பிள்ளைகளை நேராக மைன்ஸுக்கே கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். குழுவில் என்ன எழுதட்டும், நீங்களே சொல்லுங்கள்.