கை நனைக்காத வீட்டு வான்கோழி

நோர்வேயில் எங்களுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த திராமன் நகரில் எங்கள் பெரியப்பா வீடு வாங்கியபோது, குடிபூரலுக்கான, அதாவது புதுமனை புகுவதற்கான, அழைப்பிதழை எங்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டார். என் சிறுவயதில் நடந்த மிகப் பெரிய குடும்பக் கலகத்துக்கு இதுதான் முழுக் காரணம். இதெல்லாம் ஒரு காரணமா என்று சிலருக்குத் தோன்றலாம். எங்கள் ஆட்களைத் தெரிந்தவர்களுக்குத் தோன்றாது. தெரிந்தவன் அறிந்தவன் வீட்டுக்கெல்லாம் நேரில் போய்ச் சொல்லிவிட்டு, கூடப்பிறந்த தம்பிக்கு முத்திரை ஒட்டி அனுப்பினால் அதற்கு என்ன அர்த்தம்? போதாததற்கு அப்பா அப்போது தபால் பிரிக்கும் இடத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். தனக்கு வந்த அவமானம் தன் கையாலேயே பிரிபட்டு வந்திருக்கலாம் என்ற நினைப்பு அவரைக் கூடுதலாகச் சுட்டிருக்கவேண்டும்.

"திராமன் என்ன அமெரிக்காவிலையோ கிடக்குது?" என்று கேட்டுவிட்டு உறையை மேசையில் போட்டார்.

பெரியம்மா தொலைபேசியில் ஆயிரம் சமாதானம் சொன்னார். அழைப்பிதழ்களைப் பிரித்து வைத்தது அவருடைய மகள், எங்கள் அக்காவாம். தபாலுக்குப் போகவேண்டிய கட்டுக்குள் எங்களுடையதும் தவறிப் போய்விட்டதாம். அப்பா அசைந்து கொடுக்கவில்லை. "அந்த வீட்டிலை நான் கை நனைக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டார். எங்கள் சனத்திடம் இதற்கு மேல் ஒரு சொல் கிடையாது. கை நனைக்கமாட்டேன் என்றால் அந்த வீட்டில் சோறு இல்லை, தேத்தண்ணி இல்லை, பச்சைத் தண்ணீர்கூட இல்லை. உறவு அதோடு சரி. பெரியப்பாவும் லேசுப்பட்டவரல்ல. வர விருப்பமில்லாத ஆளைக் காலில் விழுந்து கூப்பிட ஏலாது என்று அவரும் அங்கே இறுகிப்போய் இருந்துவிட்டார்.

அதற்கு முன்பு பெரியப்பா குடும்பமும் நாங்கள் இருந்த குரோருட்டில்தான் இருந்தது, எங்களுக்கு அடுத்த தொடர்மாடியில். வேலை முடிந்து வரும் வழியில் அப்பா முதலில் அங்கே ஏறிவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கு வருவார். சில நாட்களில் இரண்டு பேரும் ஒன்றும் கதைக்காமல் தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார்கள். நேரமானதும் அப்பா எழுந்து, "அப்ப வாறன் அண்ணை" என்பார். அதுதான் அவர்களுடைய உரையாடல். பெரியப்பா பேருந்து ஓட்டும் வேலைக்காகத் திராமன் பக்கம் போனதும் அது நின்றுபோனது. அழைப்பிதழை நேரில் கொண்டுவந்து தந்திருந்தாலும் அப்பா வேறொரு குற்றம் கண்டுபிடித்திருப்பார் என்று இப்போது நினைக்கிறேன்.

அம்மாவுக்கு இந்தச் சண்டையில் பங்கெடுக்க நேரமில்லை. ஆம்பிளையளின்ரை கோபம் அவையளோடை என்று சொல்லிவிட்டு, என்னைக் கூட்டிக்கொண்டு திராமனுக்குப் போய்வந்தார். வேடிக்கை என்னவென்றால், எங்களைக் காரில் ஏற்றிப் போவதே அப்பாதான். குளிர்காலத்தில் பெண்பிள்ளைகள் ரயில் மாறி ஏறுவது சரிவராது, வழுக்கும் என்பார். பெரியப்பா வீட்டுக்கு முன்னால் காரை நிறுத்துவார். நாங்கள் மேலே போவோம். அவர் கீழே, எங்கள் வீட்டிலிருந்து போத்தலில் ஊற்றிக் கொண்டுவந்த தேத்தண்ணியோடு காருக்குள்ளேயே இருப்பார். வீதி நகரசபையினுடையது, பெரியப்பாவினுடையதல்ல என்பது அவருடைய சட்டம்.

எனக்கு ஒன்பது வயதான அந்தப் புதுவருடத்தன்றும் அப்படித்தான் போனோம். முதல் நாள் இரவு வெடித்த வாணங்களின் கருகிய குழாய்கள் பனிக்குள் குத்திக்கொண்டு நின்றன. புதுவருட இரவுக்கு நோர்வேக்காரர் வான்கோழி வைப்பார்கள் என்று யாரோ சொன்னதிலிருந்து பெரியப்பாவுக்கு அதில் பைத்தியம். ஒரு முழு வான்கோழியை வாங்கி, தன் கையாலேயே தூள் பூசி ஊறவைத்து, சூளையடுப்பில் வைத்து இறக்குவார். யாரையும் கிட்டவிடமாட்டார். நாங்கள் போனபோது அதில் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது.

நான் ஜன்னலடியில் நின்று கீழே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கம்பளி போர்த்தியபடி ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தார். நாயோடு வந்த ஒரு நோர்வேஜியக் கிழவர் கார்க் கண்ணாடியைத் தட்டி, ஏதாவது உதவி வேண்டுமா என்று விசாரித்தார். அப்பா சிரித்து, கையை ஆட்டி, ஒன்றுமில்லை என்று காட்டினார். கிழவர் நம்பாமல் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். அப்போதுதான் எனக்குப் பின்னால் பெரியப்பா வந்து நிற்பது தெரிந்தது. அவரும் கீழேதான் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொப்பர் சாப்பிட்டவரோ?" என்று அப்பாவைக் காட்டிக் கேட்டார்.

"ஓம், காலமை பாண் சாப்பிட்டவர்."

பெரியப்பா திரும்பிக் குசினிக்குள் போனார். நாங்கள் வெளிக்கிடும்போது, வெள்ளித்தாளில் சுற்றிய ஒரு பெரிய பொதியை அம்மாவின் கையில் வைத்தார். "பிள்ளைக்கு" என்றார். ஒரு முழுத் தொடை, நெஞ்சிறைச்சி, எலும்போடு முதுகுப் பக்கம் என்று அதில் இருந்ததை முடிக்க என்னைப் போல நாலைந்து பிள்ளைகள் வேண்டும்.

அம்மா அதைப் பைக்குள் போட்டு, மேலே என் சால்வையை வைத்து மூடினார். படியிறங்கும்போது என்னிடம், "அப்பாவுக்குச் சொல்லாதை. தெரிஞ்சால் இனித் திராமனும் இல்லை, அக்காவும் இல்லை" என்றார். அக்காவோடு விளையாடுவதற்காகத்தான் நான் வாரம் முழுவதும் பள்ளிக்கூடம் போய்வந்தேன் என்று சொன்னால் அது பொய்யல்ல.

பையைக் காலுக்கடியில் ஒளித்துவைத்தோம். ஆனால் மணத்தை எங்கே ஒளிப்பது? நெடுஞ்சாலையில் ஏறுவதற்குள் காரெல்லாம் வறுத்த தூளின் வாசனை. அப்பா ஒருமுறை மூக்கை உறிஞ்சினார்.

"உடுப்பிலை பிடிச்ச மணம்" என்றார் அம்மா, யாரும் கேட்காமலே.

"ம்" என்றார் அப்பா. அந்தக் குளிரிலும் கண்ணாடியை இறக்கவில்லை.

அடுத்த நாள் அம்மா சமையலுக்கு எடுத்தது பார்லி. அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த பிறகு, வெள்ளைச் சோற்றைக் குறைத்துப் பார்லி சாப்பிடச் சொல்லி வைத்தியரிடத்தில் இருந்த தாதி சொல்லியிருந்தார். அம்மாவும் ஒரு பைக்கற் வாங்கி வைத்தார். பார்லி காய்ச்சல்காரருக்குக் கொடுப்பது, எனக்கு என்ன காய்ச்சலா என்று அப்பா அதைத் தொடவே இல்லை. பைக்கற் அலுமாரியில் உடைக்காமல் கிடந்தது. சோறு சமைத்தால் இறைச்சி தனியாகத் தெரியும், பார்லி என்றால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்து மூடிவிடும் என்பது அம்மாவின் கணக்கு.

அப்பா கீழே காரில் படிந்த பனியை வழிக்கப் போன நேரம் பார்த்து வேலையைத் தொடங்கினோம். காலையிலேயே ஊறப்போட்ட பார்லி பருத்து வெளுத்திருந்தது. எலும்புகளைப் பெரிய பானையில் போட்டு அவித்து அம்மா சாறு இறக்கினார். இறைச்சியைப் பிய்ப்பது என் வேலை. "நார் நாராப் பிய், பிள்ளை. துண்டாத் தெரியக்கூடாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். வெங்காயம், பச்சை மிளகாய், இஞ்சி, உறைபெட்டியில் இருந்த கறிவேப்பிலை எல்லாம் எண்ணெயில் வதங்கியதும் பார்லியைக் கொட்டிக் கிளறினார். பிறகு சாற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, மூடி, திறந்து, மறுபடி விட்டு, அது குழைந்து வரும்போது நான் பிய்த்த இறைச்சியைச் சேர்த்தார். கடைசியில் மிளகுத்தூளும் தேசிக்காய்ப் புளியும். அம்மா ஒரு கரண்டி எடுத்து ஊதி என் வாயில் வைத்தார். நான் அதுவரை சாப்பிட்டவற்றில் அதுதான் ருசியானது என்று அந்த வயதின் முழு அனுபவத்தோடும் தீர்மானித்தேன்.

எலும்புகளைச் சாப்பாட்டுக் கழிவுக்கான பச்சைப் பையில் கட்டி, ஓடிப்போய்க் கீழே போட்டுவிட்டு வரச் சொன்னார். அந்தப் பைகள் மெல்லியவை. இரண்டாவது மாடி தாண்டுவதற்குள் தொடையெலும்பு பையைக் குத்திக்கொண்டு ஒரு சாண் வெளியே வந்துவிட்டது. அதை உள்ளே தள்ளிக்கொண்டு நிமிர்ந்தால், எதிரே அப்பா, பனி வழிக்கும் தட்டோடு.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு எலும்பைப் பார்த்தார். குரோருட்டில் எந்தக் கடையிலும் அந்தக் காலோடு ஒரு கோழி விற்றிருக்க முடியாது.

"தா, நான் போடுறன். வெளியிலை வழுக்கும்" என்று சொல்லிப் பையை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

நான் மேலே ஓடிவந்து அம்மாவிடம் நடந்ததைச் சொன்னேன். "ஏதும் கேட்டவரோ?" என்றார். வழுக்கும் என்று மட்டும் சொன்னார் என்றேன். அம்மா பானைப் பக்கம் திரும்பிக் கிளறத் தொடங்கினார். அவர் சிரிப்பது போலிருந்தது. பயத்தில் சிலருக்குச் சிரிப்பு வரும் என்று கேள்விப்பட்டிருந்ததால் எனக்கு அம்மாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது.

அப்பா கை கழுவிவிட்டு வந்து மேசையில் இருந்தார். சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தார்.

"என்ன இது?"

"பார்லி. நேர்ஸ் சொன்னவ எல்லோ."

"இறைச்சி?"

"கோழி" என்றார் அம்மா.

அப்பா கையால் பிசைந்து ஒரு வாய் வைத்தார். மென்றார். மென்றுகொண்டே கொஞ்ச நேரம் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் வேகமாகச் சாப்பிடத் தொடங்கினார். பார்லியைக் கண்ணெடுத்தும் பாராத மனிதர் கோப்பையை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, இன்னும் போடச் சொல்லி நீட்டினார்.

"நல்ல கோழி" என்றார்.

"ஓம், நல்ல கோழி" என்றார் அம்மா.

சாப்பிட்டு முடித்ததும் அப்பா ஜன்னலடியில் போய் நின்றார். வெளியே பனி மறுபடி கொட்டத் தொடங்கியிருந்தது. "காருக்கை இருக்கிறது சரியான குளிர்" என்று பொதுவாகச் சொன்னார். கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த அம்மா நிமிராமலே, "மேலை வாங்கோவன்" என்றார். "பாப்பம்" என்றார் அப்பா.

நாங்கள் வென்றுவிட்டோம் என்பதில் எனக்குத் தாங்கமுடியாத சந்தோசம். அதே நேரம் அப்பாவை நினைக்க அழுகையும் வந்தது. தன் சபதம் தன் வயிற்றுக்குள்ளேயே உடைந்துபோனது தெரியாமல் இந்த மனிதர் வயிறு நிறைந்து ஏவறை விட்டுக்கொண்டிருக்கிறாரே என்று நினைத்தேன். அன்று படுக்கப்போகும்போது அவரை வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கட்டிப்பிடித்தேன்.

தைப்பொங்கல் கழிந்து வந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி திராமனுக்குப் போனோம். அப்பா காரை நிறுத்தினார். நாங்கள் இறங்கினோம். அவரும் இறங்கினார். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தார். கதவைத் திறந்தது பெரியப்பா. அப்பா குனிந்து சப்பாத்தைக் கழற்றினார். ஒரு சோடிச் சப்பாத்தைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்த மனிதரை நான் பிறகு கண்டதில்லை. பெரியம்மா கெட்டிக்காரி. வாங்கோ என்றுகூடச் சொல்லாமல், உள்ளே போய் ஒரு கிளாஸ் தண்ணீரோடு வந்து நீட்டினார். பெரியப்பா அந்தக் கிளாஸைப் பார்த்தார். அக்கா பார்த்தாள். அப்பா அதை வாங்கி ஒரே மூச்சில் குடித்து முடித்தார்.

பிறகு, வாயைத் துடைத்துக்கொண்டு, இத்தனை காலத்துக்குப் பின் தன் தமையனிடம் பேசிய முதல் வார்த்தையாக இப்படிச் சொன்னார்: "அண்ணை, வான்கோழிக்குப் போட்ட பெருஞ்சீரகத்தைக் கருக்கிப்போட்டியள்."

"அடுப்பு கொஞ்சம் கூடிப்போச்சடா" என்றார் பெரியப்பா.

"எந்தக் காலத்திலை நீங்கள் கருக்காமல் விட்டனீங்கள்?"

பெரியப்பா சட்டென்று திரும்பிக் குசினிக்குள் போய்விட்டார். உள்ளே தண்ணீர்க் குழாய் திறந்து ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அப்பா கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அவரும் உள்ளே போனார். அம்மாவும் பெரியம்மாவும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள், கண்ணைத் துடைத்தார்கள், மறுபடி சிரித்தார்கள்.

நான் மட்டும் சிரிக்கவில்லை. யாரோ எங்களைக் காட்டிக்கொடுத்துவிட்டார்கள். "நான் சொல்லேல்லை அம்மா, சத்தியமா நான் சொல்லேல்லை" என்று அம்மாவின் காதுக்குள் சொன்னேன். அம்மா இன்னும் சத்தமாகச் சிரித்து என்னை அணைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் வந்தது.

இந்த நாட்டுக்கு வந்த புதிதில் வடக்கே ஒரு மீன்பிடி ஊரில், ஒற்றை அறையில், அண்ணன் சமைக்கத் தம்பி சாப்பிட்டு அவர்கள் கழித்த காலம் எனக்குத் தெரியாது. ஒவ்வொரு கறியிலும் பெரியப்பா பெருஞ்சீரகத்தைக் கருக்கியதும், அந்தக் கைப்போடு அதைத் தின்றே அப்பா அந்த இருட்டுக் குளிர்காலங்களைத் தாண்டியதும் தெரியாது. அந்த வருடம் முழுவதும் காட்டிக்கொடுத்தவர் யார் என்று துப்புத் துலக்கி, கடைசியில் பழியை அக்காவின் தலையில் போட்டு, அவளோடு இரண்டு நாள் கதைக்காமல்கூட இருந்தேன். பாவம் அக்கா. முதல் வாயிலேயே தன் அண்ணனின் கையைக் கண்டுபிடித்துவிட்ட ஒரு மனிதர், எங்கே நாங்கள் உண்மையைச் சொல்லித் தன்னைச் சாப்பிடவிடாமல் செய்துவிடுவோமோ என்று பயந்துதான் அவ்வளவு வேகமாகச் சாப்பிட்டார் என்பது ஒன்பது வயதில் எனக்கு எப்படி விளங்கும்?